முதிர்வதற்கு மண் வேண்டும்

நாள் செல்லச் செல்ல மதிப்பு ஏறும் பொருள்கள் உலகிற் சில உள. பழம்புளி, பழைய நெல், பழகிய நட்பு என்று எம் முன்னோர் அவற்றை எண்ணிச் சொல்வர். மேல்நாட்டார் அந்த வரிசையில் முதலிடம் கொடுப்பது திராட்சை மதுவுக்கு. அதிலும், பேர்பெற்ற தோட்டத்திற் பிழிந்து, பீப்பாயிலே உறங்கி, போத்தலிலே ஆண்டுக்கணக்காக முதிர்ந்த செந்நிற மதுவுக்கு அவர்கள் செலுத்தும் மரியாதை, பழைய கோவிலொன்றுக்கு நாம் செலுத்தும் மரியாதைக்குச் சற்றும் குறைந்ததன்று. அத்தகைய போத்தல் ஒன்று அண்மையிலே சாம்பல்தீவில் ஒரு வீட்டு முற்றத்திலே திறக்கப்பட்டது. நாமும் அங்கிருந்தோம், ஒரு கிண்ணம் சுவைத்தோம். அந்தக் கிண்ணம் எம் உள்ளத்திற் கிளப்பிய எண்ணங்களை வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

"மதுவின் புகழ் பாடுவதற்கா ஓர் அரசியல் ஏடு?" என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவரின் வழிவந்தவர்கள் நாம். குடியாற் கெட்ட குடும்பங்களை அன்றாடம் காண்பவர்களும் நாமே. ஆதலின் குடிக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. பதினைந்து இருபது ஆண்டுகள் ஒரு பொருள் ஓரிடத்திலே ஆடாது அசையாது கிடந்து முதிர வேண்டுமாயின், அதற்கு எத்தகைய நாடு வேண்டும், எத்தகைய சட்டம் வேண்டும், எத்தகைய அமைதி வேண்டும் என்பதே எமது கேள்வி. அந்தக் கேள்வி சாம்பல்தீவில் எழுந்ததனாலேயே அது அரசியற் கேள்வியாகிறது.

முற்றத்திலே ஒரு போத்தல்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே செல்வோர், உப்புவெளியைக் கடந்தபின் களப்பின்மேற் பாலத்தைத் தாண்டிச் சாம்பல்தீவை அடைவர். ஒரு புறம் கடல். மறு புறம் களப்பு. இடையிலே பனையும் தென்னையும். தெற்கே உப்புவெளியிலும் வடக்கே நிலாவெளியிலும் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள் நிறைந்துள்ளன. அங்கே மாலை வேளைகளில் செந்நிற மது கிண்ணங்களில் ஊற்றப்படுவது புதுமையன்று. ஊற்றிக் கொடுப்பவரும் கிண்ணத்தைக் கழுவி வைப்பவரும் பெரும்பாலும் எம்மூர்ப் பிள்ளைகள். சுவைப்பவர் மட்டும் வேறு நாட்டார்.

இம்முறை அவ்வாறன்று. எமது நண்பரான ஓய்வுபெற்ற ஆசிரியரின் தமக்கை மகன், இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாரிஸ் மாநகரில் உணவகச் சமையற்கட்டுகளில் உழைப்பவர். அவருடைய பழைய முதலாளி தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபோது, தம் நிலவறையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து அவர் கையிற் கொடுத்தாராம். போர்தோ நகருக்கு வடக்கே, மெதொக் எனும் பகுதியிலுள்ள மதிப்பு வாய்ந்த தோட்டமொன்றின் மது அது. அறுவடை ஆண்டு 2005 என்று அதன் சுட்டியிற் பொறிக்கப்பட்டிருந்தது. போர்தோ நாட்டின் சிறந்த அறுவடைகளுள் ஒன்றாக மதுவறிஞர் போற்றும் ஆண்டு அது.

பிள்ளை அதனை உடனே திறந்துவிடவில்லை. வானூர்தியிற் குலுங்கி வந்த போத்தலை இரண்டு நாள் நிமிர்த்தி வைத்து மண்டியைக் கீழே படியவிட்டார். எமது வெயிலின் சூட்டில் அதனைச் சுவைப்பது அதற்குச் செய்யும் அவமதிப்பு என்று கூறி, மாலையிலே சிறிது நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்தார். நீண்ட தக்கையை உடையாமல் மெல்ல உருவினார். பின்னர் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன் சுடருக்கு நேரே போத்தலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் கூசாவொன்றில் மதுவைச் சொட்டுச் சொட்டாகச் சரித்தார். தெளிந்த மது கூசாவிற் சேர்ந்தது. கழுத்தருகே கறுத்த மண்டி தெரிந்த கணத்திலே கையை நிறுத்திக்கொண்டார். பூசகர் ஒருவர் அபிடேகம் செய்வதைப் பார்த்திருப்பது போல நாம் எல்லோரும் பேசாதிருந்தோம்.

கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தோம். நடுவிலே மாதுளை முத்தின் சிவப்பு. விளிம்பிலே பழஞ் செங்கல்லின் நிறம். இளம் மது ஊதா கலந்த சிவப்பாயிருக்கும் என்றும், வயது ஏற ஏற விளிம்பு செங்கல் நிறத்துக்கு மாறும் என்றும் பிள்ளை விளக்கினார். முகர்ந்தபோது முதலில் ஒன்றும் தோன்றவில்லை. கிண்ணத்தைச் சுழற்றிச் சற்றுப் பொறுத்து மீண்டும் முகர்ந்தோம். முதலில் நாவற்பழம் போன்ற மணம் வந்தது. அதன்பின் சுருட்டுப் பெட்டியைத் திறந்தாற் போன்ற மணம். அதன் அடியிலே, முதல் மழை விழுந்தபின் பனங்கூடலிற் சருகு கிடக்கும் தரையின் மணம்.

வாயில் இட்டபோது இனிப்பில்லை. இனிக்கும் என்று எண்ணியிருந்த ஆசிரியர் சிறிது ஏமாந்தார். துவர்ப்பு இருந்தது, ஆனால் நாவலின் தோல் நாக்கைப் பிடித்திழுக்கும் துவர்ப்பன்று. நன்கு சாயம் இறங்கிய தேநீரின் துவர்ப்பைப் போல, வந்து மெல்ல விலகிற்று. விழுங்கிய பின்னும் சுவை வாயில் நெடுநேரம் நின்றது. "மாமா, விழுங்கின பிறகு எவ்வளவு நேரம் நிற்குது எண்டுதான் பார்க்க வேணும், நல்ல தோட்டத்து மதுவுக்கு அதுதான் அடையாளம்" என்றார் மருமகன்.

இம்மாற்றம் மாயத்தால் நிகழ்வதன்று. திராட்சையின் தோலிலும் விதையிலும் 'தனின்' எனும் துவர்ப்பொருள் உண்டு. இளம் மதுவிலே அது முரடாக நிற்கும். ஆண்டுகள் செல்ல, அதன் நுண்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் பிணைந்து பெரிதாகி, இறுதியில் மண்டியாக அடியிற் படிந்துவிடும். துவர்ப்பு தணியும், நிறம் மாறும், பழமணம் குறைந்து வேறு மணங்கள் தோன்றும். இவை நிகழ்வதற்கு வேண்டியவை மூன்றே: குளிர்ந்த இருள், அசைவின்மை, காலம். வெயிலிலே வைத்தாற் கெடும், அடிக்கடி இடம் மாற்றினாற் கெடும், அவசரப்பட்டாலும் பயனில்லை.

"எந்த மரத்துப் பீப்பாய்?"

அயல் வீட்டு அப்பு ஒருவரும் அன்று வந்திருந்தார். வண்டியும் வள்ளமும் செய்த பழைய தச்சர். அவர் மதுவைத் தொடவில்லை. கூசாவை விளக்கிற்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எந்த மரத்துப் பீப்பாயிலே கிடந்தது?" என்று மட்டும் கேட்டார். "ஓக் மரம், அப்பு. ஒரு பீப்பாய் 225 லீற்றர் கொள்ளும். ஒன்றரை வருசம் அளவிலே அதிலே கிடக்கும், பிறகுதான் போத்தல்" என்றார் பிள்ளை. "எங்கட சாவண்டலையும் அதுக்குக் குறைஞ்ச மரமில்லைத் தம்பி" என்றார் அப்பு.

அந்த ஒரு சொல் எம்மைத் திடுக்கிடச் செய்தது. சாவண்டலை என்று நாமும் 'ஹல்மில்ல' என்று சிங்களத்தவரும் அழைக்கும் அம்மரத்தை ஆங்கிலேயர் எப்பெயரால் வழங்கினர் என்பது வாசகர் பலருக்குத் தெரியாதிருக்கலாம். அவர்கள் அதற்கு இட்ட பெயர் 'திருகோணமலை மரம்'. எமது துறைமுகத்திலிருந்து அது கடல் கடந்து சென்றது. துறைமுகமில்லாத சென்னைக் கரையிலே, பேரலைகளை ஊடறுத்துப் பயணிகளையும் பொதிகளையும் கரைசேர்த்த மசூலாப் படகுகளுக்கு அம்மரம் பயன்பட்டது. கணுவின்றி நேராக ஓடும் இழை. எளிதிற் பிளக்காத உறுதி. நீர் கசியாத தன்மை. இக்குணங்களாலே அது பீப்பாய்ப் பலகைக்கு மிக உகந்ததாயிற்று.

இலங்கையின் தென்னஞ் சாராயம் முதிர்வது அந்தச் சாவண்டலைத் தொட்டிகளிலேதான். கள்ளை முதிர வைக்க இயலாது. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் நன்கு புளித்துவிடும். ஓரிரு நாள் விட்டாற் காடியாகிவிடும். ஆதலின் அதனை உடனே வடித்துச் சாராயமாக்கி மரத்தொட்டியில் இட்டு வைப்பர். வடிகலத்திலிருந்து நிறமின்றி வரும் சாராயம் அங்கே ஆண்டுக்கணக்காகக் கிடந்து பொன்னிறம் பெறும், காரம் தணியும், மணம் ஏறும். பத்து, பதினைந்து ஆண்டுகள் முதிர்ந்த வகைகளும் உண்டு. அறிந்தோர் அவற்றைச் சிறந்த பிராந்திக்கு நிகராக மதிப்பர்.

ஆனால், வடிசாலைகள் மேற்குக் கரையில். தொட்டிக்குப் பேர்போன மரம் எமது பெயரால் வழங்குவது. போத்தலின் சுட்டியிலோ திருகோணமலை என்ற எழுத்து ஒன்றுகூட இல்லை. அதுமட்டுமா? உயிரைப் பணயம் வைத்து, தென்னையிலிருந்து தென்னைக்குக் கட்டிய கயிற்றிலே நடந்து பாளை சீவும் தொழிலாளியின் ஊரும் பேரும் அதிலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சாராயக் குத்தகையாற் பெருஞ்செல்வம் சேர்த்துச் சமூகத்தின் உச்சிக்கு ஏறிய குடும்பங்களின் வரலாற்றைப் பேராசிரியர் குமாரி ஜயவர்தன 2000 ஆம் ஆண்டிலே நூலாக எழுதியுள்ளார். சீவியவன் பரம்பரை அவ்வாறு ஏறியதாக யாரும் எழுதவில்லை. எழுதுவதற்கு அப்படியொன்று நிகழவுமில்லை. இன்றோ மலிவான வகைகள் பலவற்றிலே கரும்புப் பாகின் கழிவிலிருந்து வடித்த ஸ்பிரிட்டும் கலக்கப்படுகிறது. அதற்கும் சாராயம் என்றே பெயர். அதற்கு மேல் கசிப்பு வேறு. மதுவரித் திணைக்களம் வரியை எண்ணுகிறது. ஏழையின் ஈரல் வெந்து போவதை எண்ணுவார் இல்லை.

பெயரைக் காத்த நாடு

பிரான்சு நாட்டிலே ஒரு போத்தலின் சுட்டியைப் பாருங்கள். தோட்டத்தின் பெயர், ஊரின் பெயர், அறுவடை ஆண்டு, எங்கே அடைக்கப்பட்டது என்ற செய்தி, இத்தனையும் அதிலே உண்டு. 1855 ஆம் ஆண்டிலே, மூன்றாம் நெப்போலியன் பாரிசில் நடத்திய உலகக் கண்காட்சிக்காகப் போர்தோத் தோட்டங்கள் தரவாரியாக வரிசைப்படுத்தப்பட்டன. அந்த வரிசை பெரும்பாலும் மாறாமல் இன்றும் நிலைத்திருக்கிறது. 1860களிலே அமெரிக்காவிலிருந்து வந்த 'பிலொக்செரா' எனும் சிறு பூச்சி வேர்களைத் தின்று அந்நாட்டுத் திராட்சையைக் கொள்ளை கொண்டது. அப்போது அம்மக்கள் மண்ணைக் கைவிட்டுப் போய்விடவில்லை. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க வேரிலே தம் கொடியை ஒட்டி, அதே மண்ணிலே மீண்டும் வளர்த்தனர்.

பெயருக்கான சட்டமும் தானாகக் கனிந்து விழவில்லை. சீனியும் தண்ணீரும் கலந்த போலி மது சந்தையை நிறைத்து விலையை வீழ்த்தியபோது, 1907 ஆம் ஆண்டிலே தென்பிரான்சின் திராட்சைக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். மொன்பெலியே நகரிலே பல இலட்சம் பேர் திரண்டனர். நார்பொன் நகரிலே படையினரின் குண்டுக்குச் சிலர் பலியாயினர். கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் அதன் பின்னரே வந்தது. 1935 ஆம் ஆண்டிலே இன்னொரு சட்டம் பிறந்தது: எந்த எல்லைக்குள் விளைந்த, எவ்வகைத் திராட்சையிலிருந்து, எம்முறையில் ஆக்கிய மதுவுக்கு எந்த ஊர்ப் பெயரை இடலாம் என்று அது வரையறுத்தது. அன்றுமுதல் ஊர்ப் பெயர் ஊராரின் சொத்தாயிற்று. வேற்றூரார் அதனைத் திருட இயலாது. தோட்டத்துக்காரரும் அதனை ஏலம் போட இயலாது.

நாம் சுவைத்த அந்த நீண்ட சுவை, திராட்சையின் சுவை மட்டுமா? நிலவுரிமையின் சுவை, ஊர்ப் பெயரைக் காத்த சட்டத்தின் சுவை, பாட்டன் நட்ட கொடியிற் பேரன் பழம் பறிக்கலாம் என்ற உறுதியின் சுவை. அந்த உறுதி இல்லாத நாட்டிலே எவன் பதினைந்து ஆண்டு காத்திருப்பான்? நாளைக்கு இவ்வீடு எனதாயிருக்குமோ என்று ஐயுறுபவன், இன்றைக்கு இறக்கியதை இன்றைக்கே விற்றுத் தீர்ப்பான். அவனைக் குற்றங் கூறுவது அறமாகுமா?

2005: இரண்டு மண்களின் கதை

சுட்டியிலிருந்த 2005 என்ற எண்ணை ஆசிரியர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "அந்த வருசம் நாங்கள் எங்கே இருந்தோம் தெரியுமோ?" என்று கேட்டார். யாரும் பதில் கூறவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையை விழுங்கிற்று. இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. சாம்பல்தீவும் சல்லியும் நிலாவெளியும் அடிபட்டன. அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்திலே மெதொக் தோட்டத்தில் ஆட்கள் கூடையோடு நிரை நிரையாக நின்று திராட்சையை வெட்டியபோது, இக்கரையில் வீடிழந்தோர் தற்காலிகக் கொட்டில்களில் இருந்தனர். கிணற்றில் உப்பு ஏறியிருந்தது.

மது ஓக் பீப்பாயில் உறங்கிய காலம் எமக்கு எவ்வாறு கழிந்தது? 2006 சனவரி 2 ஆம் நாள் திருமலைக் கடற்கரையிலே ஐந்து மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏப்பிரல் 12 ஆம் நாள் திருமலைச் சந்தையிலே குண்டு வெடித்தது. தொடர்ந்து கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஆகத்து 4 ஆம் நாள் மூதூரிலே பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றிற் பணியாற்றிய எம்மக்கள் பதினேழு பேர் கொல்லப்பட்டனர். கடற்கோளால் அழிந்த மக்களுக்கு நீரும் உதவியும் தந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். அதே ஆண்டிலே சம்பூர் மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். அவர்களது காணியின் ஒரு பகுதி 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேதான் திரும்பக் கிடைத்தது. ஒரு திராட்சை மது நன்கு முதிர்வதற்கு வேண்டிய காலம் அளவுக்கு அம்மக்கள் தம் முற்றத்தைக் காணாதிருந்தனர். ஆனால் மதுவைப் போல அவர்கள் ஓரிடத்திற் கிடக்கவில்லை. முகாமிலிருந்து முகாமுக்கு மாற்றப்பட்டார்கள்.

இதற்கு முன்னும் 1985இலும் 1990இலும் இம்மாவட்டத்து ஊர்கள் பல வெறிச்சோடின. ஒரு தென்னை நன்கு காய்க்க ஆறேழு ஆண்டு வேண்டும். பனைக்கு அதன் இரு மடங்குக்கு மேல். சாவண்டலை வெட்டுமரமாகத் தேற ஒரு தலைமுறையே வேண்டும். 1985இல் நட்டவன் 1990இல் இல்லை. 1990இல் மீண்டும் நட்டவன் 2006இல் இல்லை. அப்பு சொன்னார்: "தம்பி, நான் தச்சு பழகின காலத்திலே சாவண்டலை வேணுமெண்டால் காட்டுக்குப் போனால் போதும். இப்ப ஒரு பலகை வேணுமெண்டாலும் ஏங்க வேண்டிக் கிடக்கு."

தமிழர் அறியாததா?

முதிர்ந்த மதுவைப் போற்றுவது மேல்நாட்டாரிடம் நாம் கற்ற பாடமன்று. மூங்கிற் குழாயிலிட்டு முதிர வைத்த தேறலையும், மண்ணிற் புதைத்துப் பழுக்க வைத்த தேறலையும் எம் சங்கப் புலவர்கள் நன்கறிவர். யவனர் கலத்திற் கொணர்ந்த மணமிக்க குளிர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் புறநானூற்றிலே பாடினார். அந்த யவனரின் இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் ஓடுகளைப் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மோட்டிமர் வீலர் 1945 ஆம் ஆண்டிலே அகழ்ந்தெடுத்தார். மேற்கிலிருந்து மது இங்கு வந்தது இன்று நேற்றல்ல.

ஆனால் நாம் நினைவுகூர வேண்டியது மன்னனின் பொற்கலத்தையன்று, கபிலரின் கண்ணீரையே. நிலத்திற் புதைத்து முதிர்ந்த தேறலைக் கபிலர் பாடியது எந்தப் பாட்டிலே? பாரி மாண்டபின், பறம்பு பறிபோனபின், அந்நாட்டின் பழைய வளத்தை எண்ணிக் கலங்கிப் பாடிய பாட்டிலே. புதைத்த தேறல் முதிர்வதற்குப் புதைத்தவனே அந்நிலத்தில் இருக்க வேண்டும். நிலம் போயின் தேறலும் போயிற்று, விருந்தும் போயிற்று, பாட்டு மட்டும் எஞ்சிற்று. ஈராயிரம் ஆண்டுக்கு முன் பறம்பு மலையில் நிகழ்ந்ததற்கும் எம் கண்முன் இக்கரையில் நிகழ்ந்ததற்கும் வேற்றுமை அதிகமில்லை.

குறை கூறுவோருக்கு

"மதுவே வேண்டாம் என்பதன்றோ நேர்மையான கொள்கை? சாராயத்துக்கு ஊர்ப் பெயர் சூட்டினால் குடி பெருகாதா?" என்று மதுவிலக்கு அன்பர்கள் கேட்பர். அவர்கள் கேள்வியை நாம் எள்ளளவும் இகழோம். 1912இல் ஆங்கில ஆட்சி தவறணைகளைப் பெருக்க முற்பட்டபோது இந்நாட்டிலே எழுந்த மதுவிலக்குக் கிளர்ச்சி நியாயமானது. குடித்த கணவனின் கையால் அடிபட்ட பெண்ணிடம் சென்று மணத்தையும் நிறத்தையும் பற்றிப் பேசுவது கொடுமை.

எனினும், ஏழையைக் கொல்வது எது? ஊரும் பேரும் இல்லாத கசிப்பா, பதினைந்து ஆண்டு காத்திருந்து ஒரு கிண்ணம் ஊற்றப்படும் பழைய மதுவா? அன்று முற்றத்திலே ஒரு போத்தலை ஆறு பேர் பகிர்ந்தோம், ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம், யாரும் தள்ளாடவில்லை. பொருளின் பிறப்பை அறிந்தவன் அதனை அளவோடு மதிக்கிறான். பிறப்பை மறைத்து விற்பதே வெறிக்கு விற்பது. ஒருவர் குடிக்காதிருப்பது சிறந்ததே. ஆனால் பனையையும் தென்னையையும் நம்பி வாழும் தொழிலாளியின் உழைப்பு விற்கப்படும்வரை, அது அவர் பெயராலும் அவர் ஊர்ப் பெயராலும் விற்கப்பட வேண்டும் என்பதை எந்த மதுவிலக்கு அன்பர் மறுப்பார்?

கறுவாவுக்கு அந்தக் காவல் கிடைத்துவிட்டது. 2022 ஆம் ஆண்டிலே இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. தமிழகத்திலே கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023இல் அத்தகைய குறியீட்டைப் பெற்றது. கறுவாவுக்கும் திராட்சைக்கும் கிடைத்த பெயருரிமை, பனைக்கும் தென்னைக்கும் சாவண்டலைக்கும் ஏன் கிடைக்கக்கூடாது?

நாம் கேட்பது

முதலாவது, காணி உறுதி. இம்மாவட்டத்திலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலத்துக்கு இன்றும் அனுமதிப்பத்திரம் ஒன்றையே கையில் வைத்துக்கொண்டு, பிரதேச செயலகத்தின் படிகளில் ஏறி இறங்குவோர் பலர். பத்திரம் போரிலே எரிந்தவரும் கடலிலே இழந்தவரும் உளர். வனத்துக்கென்றும் தொல்பொருளுக்கென்றும் நாட்டப்படும் எல்லைக்கற்களைக் கண்டு அஞ்சி வாழ்வோரும் உளர். ஊர்தோறும் காணிக் கச்சேரி நடத்தி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாற்ற முடியாத உறுதி வழங்கப்பட வேண்டும். இதனை முதலில் வைக்காத எந்த அபிவிருத்தித் திட்டமும் வெயிலில் வைத்த மதுவாகக் கெடும்.

இரண்டாவது, மரம். சாவண்டலை தன் பெயராலேயே திருகோணமலையை உலகுக்கு அறிவித்த மரம். பாடசாலை வளவுகளிலும் குளக்கட்டுகளின் ஓரங்களிலும் வேலிகளிலும் அதனை நட்டு வளர்க்கக் கன்றுகள் கொடுக்கப்பட வேண்டும். நட்டவனே தன் காணியில் வளர்ந்த மரத்தை வெட்டி விற்கலாம் என்ற எளிய விதி இருந்தால் எவனும் நடுவான். பத்துக் கையொப்பம் வேண்டுமென்றால் எவனும் நடான்.

மூன்றாவது, தொழிலாளியின் உரிமை. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பனை தென்னைத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களும் உள. அவை வடிப்பதோடு நில்லாமல், தம் பெயரிலேயே தொட்டியில் முதிர வைத்து, தம் ஊர்ப் பெயரிலேயே விற்பதற்கு உரிமமும் நீண்டகாலக் கடனும் பெற வேண்டும். பத்தாண்டு காத்திருக்கப் பெருமுதலாளிக்கு முடியும். அன்றாடங் காய்ச்சிக்கு முடியாது. அந்த இடைவெளியை நிரப்பவே கூட்டுறவு இருக்கிறது, அரசும் இருக்கிறது.

இவை யாருக்கும் பகையான கோரிக்கைகள் அல்ல. சாவண்டலையை வெட்டியவருள் தமிழரும் உளர், சிங்களவரும் உளர், முஸ்லிம்களும் உளர். மேற்குக் கரையிலே கயிற்றில் நடந்து கள் இறக்கும் சிங்களத் தொழிலாளியின் பெயரும் போத்தலில் இல்லை என்பதை நாம் மறக்கவில்லை. மண்ணில் நிலைத்திருக்கும் உரிமை எல்லோருக்கும் பொதுவானது. அது எமக்கு மறுக்கப்பட்ட அளவு அதிகம் என்பதனால் எமது குரல் சற்று உரக்க ஒலிக்கிறது.

அன்று இரவு போத்தலின் அடியில் எஞ்சிய மண்டியைப் பிள்ளை முற்றத்துத் தென்னையின் அடியில் ஊற்றினார். அந்தத் தென்னை, கடற்கோளின் பின் ஆசிரியர் வீடு திரும்பியபோது நட்டது. இப்போது குலை தள்ளி நிற்கிறது. "அடுத்த முறை வரும்போது என்ன கொண்டு வர, மாமா?" என்று பிள்ளை கேட்டார். "ஒண்டும் வேண்டாம், மருமகன். தாத்தாவின்ரை காணிக்கு உறுதி எடுக்க அலைஞ்சு கொண்டிருக்கிறன். அது கிடைச்சால், வந்து ஒரு சாவண்டலைக் கன்று நட்டுவிட்டுப் போ" என்றார் ஆசிரியர்.

அந்த உறுதி அவருக்குக் கிடைக்குமா? கிடைக்கச் செய்வது யார் கடமை? ஆட்சியில் இருப்போரும், ஆட்சிக்கு வர வாக்குக் கேட்டு இவ்வூர்ப் பாலத்தைக் கடப்போரும் இக்கேள்விக்கு விடை கூறட்டும். விடை வரும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.